ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

செகாம்புட்டில், டயர்க்கடைக்கு மேல்மாடி.
பதினாறு ஒளிமேசை, ஒரே ஏர்கோன், அதுவும் ஒழுகும்.
தோக்கியோவிலிருந்து வரும் பெட்டியைத் திறப்பவன் ஹபீஸ்.
உள்ளே முதல் படமும் ஒன்பதாம் படமும் இருக்கும்.
நடுவில் வரும் ஏழும் என் வேலை.

ஒன்றில் அவள் கால் கரையில்.
ஒன்பதில் அதே கால் ஆற்றுக்குள்.
எப்படி இறங்கினாள் என்று
அங்கே யாரும் வரையவில்லை.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
தாளுக்கு இத்தனை சென் என்று.

கதை முழுசாகத் தெரியாது.
ஊரை விழுங்கிய ஆற்றிடம்
தம்பியின் நிழலைத் திருப்பிக் கேட்கப் போகிறாளாம்.
மொழிபெயர்க்கும் மிஸ் யோங்
மீகோரேங் சாப்பிட்டுக்கொண்டே பாதி சொன்னார்.
மீதி அவருக்கும் வந்து சேரவில்லை.

முதல் தடவை என் தாள்கள் திரும்பி வந்தன,
சிவப்புப் பென்சிலில் ஒரு வரியோடு.
மிஸ் யோங் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்:
"தண்ணீருக்குக் கனம் இல்லை."
இரண்டாம் தடவை அதே வரி,
அடியில் ஒரு கோடு.
மூன்றாம் தடவை வரிகூட இல்லை,
ஒரு கேள்விக்குறி மட்டும்.

தண்ணீருக்கு என்ன கனம்?
வாளி தூக்கியிருக்கிறேன், அது வாளியின் கனம்.
அலையைக் கூட்டினேன். துளியைத் தெறிக்கவிட்டேன்.
பக்கத்து மேசை குணவதி எட்டிப் பார்த்து
"சாம்பார் கொதிக்குதுடி" என்றாள்.

அந்த வியாழக்கிழமை
நாலு மணிக்கே வானம் கறுத்தது.
ஐந்தரைக்கு டயர்க்கடைக்காரரின் நாற்காலி
ரோட்டைக் கடந்து மிதந்து போனது.
பஸ் நிற்கும் இடம் எதிர்ப்பக்கம்.
சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

குளிர் அப்புறம்தான் தெரிந்தது.
முதலில் பாவாடை நின்றுவிட்டது.
நான் முன்னே போன பிறகும்
அது பின்னால் நின்று யோசித்தது,
பிறகு ஓடிவந்து
முழங்காலைக் கட்டிக்கொண்டது.
கால் எடுத்த இடத்தில் ஒரு குழி.
குழி மூடுவதற்குள் அடுத்த கால்.
தெறிப்பே இல்லை.
கனமான தண்ணீர் சத்தம் போடுவதில்லை,
வழிவிடக் கொஞ்சம் தாமதிக்கிறது,
அவ்வளவுதான்.

நடுரோட்டில் நின்றுவிட்டேன்.
லோரிக்காரன் மூன்று மொழியில் திட்டினான்.
படிக்குத் திரும்பிப் போய்
இன்னொரு தடவை இறங்கினேன்.
இன்னொரு தடவை.
மாடி ஜன்னலிலிருந்து குணவதி,
"பஸ்ஸு போவுது, ஏய்!"

மறுநாள், சளியோடு, ஏழு தாள்.

பள்ளியில் வல்லினம் மெல்லினம் ஒப்பித்த நாளில்
இடையினத்தை நான் மதித்ததே கிடையாது.
அடிக்கவும் தெரியாது, கொஞ்சவும் தெரியாது,
சும்மா நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆறு எழுத்து.
இப்போது பென்சிலைச் சீவும்போது தோன்றுகிறது,
மழையின் நடுவில் இருப்பது ழ.
வெள்ளத்தின் நடுவில் இரண்டு ள.

பெட்டி போனது.
இந்தத் தடவை திரும்பி வரவில்லை.
அங்கே அதற்குப் பெயர்தான் "சரி"
என்றார் மிஸ் யோங்.

அடுத்த வருஷம், மிட்வேலியில்,
டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன்.
அவள் கரைக்கு வந்தாள்.
ஒன்றிலிருந்து ஒன்பது வரை முக்கால் விநாடி.
தும்மியிருந்தால் போயிருக்கும்.

முன்வரிசையில் ஒரு பொடிசு
சப்பாத்துக் கால் இரண்டையும்
சடக்கென்று நாற்காலிமேல் தூக்கிக்கொண்டது.
கீழே போடு என்று அதன் அப்பா அதட்ட,
மாட்டேன், நனைந்துவிடும் என்று
மலாயில் கிசுகிசுத்தது.

கடைசியில் பெயர்கள் ஏறிப் போயின.
என் பெயர் இல்லை.
எங்கள் ஸ்டூடியோ பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
விளக்கு எரிந்தது. துடைப்பத்தோடு ஒரு பெண் வந்து
"முடிந்துவிட்டதே, அக்கா" என்று நின்றாள்.
எழுந்திருப்பதற்கு முன்
குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன்.
பாப்கார்ன். ஒரு சீப்பு.
காய்ந்துதான் கிடந்தது.