நான்காவது ஆவர்த்தனம்

ஏழு வாரமாக
அதே நான்காவது ஆவர்த்தனத்தில் விழுகிறேன்.
மேல் காந்தாரத்தைத் தொட்டு இறங்கும் இடம்.
சுண்டுவிரல் எட்டுவதற்குள்
தாளம் போய்விடுகிறது,
சத்துவாச்சாரி நிறுத்தத்தில்
கை காட்டக் காட்டப் போகும்
காட்பாடி பஸ் மாதிரி.

கத்திரி வெயில்.
மலை குடித்த சூடு
ராத்திரியிலும் சுவரில் இருக்கிறது.
பிருடை வழுக்கித்
தந்தி தானாக இறங்குகிறது.
சுருதி சேர்க்கவே கால் மணி நேரம்.

பகலெல்லாம் லேப்பில்
நரம்பு தேடுகிறவள் நான்.
சிலருக்கு அகப்படாது.
மடக்கி, விரித்து, தட்டி,
"இன்னொரு தடவை பார்க்கிறேன்மா" என்பேன்,
வங்காளத்திலிருந்து வந்தவர்களிடமும்
தமிழிலேயே.
அந்தப் பொறுமை
இரவு ஒன்பதுக்கு எங்கே போகிறது?
வில்லை மெத்தையில் எறிந்திருக்கிறேன்.
இரண்டு முறை.
சரி, மூன்று.

இன்று காலை
கீழ்வீட்டு தஸ்தகீர்
ஆட்டோ கழுவிக்கொண்டே
எதையோ முணுமுணுத்தார்.
என் வர்ணம்!
நான்காவது ஆவர்த்தனம் வரை வந்து
நான் விழும் இடத்தில்
அதே இடறலோடு நின்று
பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு
முதலிலிருந்து தொடங்கினார்.
அவருக்குப் பாட்டு அவ்வளவுதான்.

சிரித்தேன். அப்புறம் வெட்கம்.
அப்புறம் வேறென்னவோ.

இன்றிரவு அந்த மூன்று ஸ்வரம் மட்டும்.
மெதுவாக, ரொம்ப மெதுவாக,
பாலாற்றில் ஊற்றுக்கு
மணல் ஒதுக்குகிற மாதிரி.
ஒதுக்க ஒதுக்கச் சரிகிறது.
ஒதுக்குகிறேன்.

கொசு வந்தால் வரட்டும்,
ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.
நாளைக்கு அவர்
ஒரு ஸ்வரமாவது
கூடப் போகவேண்டும்.