பத்து நிமிடச் சுழற்சி

மையவிலக்கியின் மூடி 'டக்' என்று விழுந்ததும்
எனக்குப் பத்து நிமிடம்.
ரத்தம் சுற்றட்டும்.

நொவீனாவில், தரைக்குக் கீழே இரண்டாம் தளம்,
பின்னிரவு மூன்று.
கையுறை கழற்றி, சோப்புப் போட்டு,
நடைவழி நாற்காலிக்கு வந்துசேர
மிஞ்சுவது ஏழரை.
பழைய படிவத்தின் பின்பக்கம், ஒரு பென்சில்.

ரோஸ்னா கேட்பாள்:
"இன்னைக்கு யாரைக் கொல்லப்போற?"
யாரையும் கொல்ல நேரமில்லை ரோஸ்னா.
ஒருவர் சாவதற்கு முன்னால் வாழ்ந்தாக வேண்டும்,
அதற்கே இரண்டு பத்தி பிடிக்கும்.

போன வாரம் ஒருவரைத் தொடங்கினேன்.
துரைக்கண்ணு. ஈசூன்காரர்.
கையில் ரைஸ் குக்கர் பெட்டியோடு
லிஃப்டில் ஏறினார்.
ஒன்பதாவது மாடி தாண்டும்போது
இயந்திரம் கூவியது, எழுந்து போய்விட்டேன்.

அப்புறம்
மகனுக்குத் தொடக்கநிலை ஆறு கணக்குத் தேர்வு,
மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து மணிக்கொரு தரம்,
லியூ விடுப்பெடுத்ததால் எனக்கு இரட்டை ஷிஃப்ட்.
ஐந்து நாளாக அந்த மனுஷர்
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்கிறார்.
விடியற்காலை ரயிலில், அங் மோ கியோ தாண்டும்போது
திடீரென்று உறைத்தது:
கை வலிக்குமே.

குழாயில் ஒட்டும் சீட்டில்
பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம்.
அதைவிடச் சின்னதாய் நான் எழுதியதில்லை.
(அந்தப் பெயர்களைத் தொடமாட்டேன்.
துரைக்கண்ணு என் சொந்தச் சரக்கு.)

இன்றிரவு திரும்ப எடுத்தேன்.
முதலில் மழையை அடித்தேன்.
பிறகு அவருடைய வேலையை.
லிஃப்டில் கூட வந்த சீனப் பையனை,
அவன் கேட்ட நல்ல கேள்வியையும் சேர்த்து.
கடைசியில் மனைவியை,
அவள் போன காரணத்தோடு.
அவளை எடுத்ததும்
குக்கர் தானாகச் சின்னதாகிவிட்டது.

மிச்சம் இவ்வளவுதான்:

ஒருவருக்கு மட்டும் சமைக்கிற குக்கரை வாங்கி வந்தவர்
பத்தாவது மாடி வந்தும் இறங்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் ஒன்றரை நிமிடம்.
இந்த வேலையில் சேர்ந்த நாளாய்
இப்படி மிஞ்சியதே இல்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
கோப்பி எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

பிறகு 'வந்தும்' என்பதற்குப் பக்கத்தில்
நுணுக்கி எழுதினேன்:
பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார்.

கூவுகிறது.
வருகிறேன், வருகிறேன்.