தேய்மானம் சேராது

வாரக் கணக்கில் வகுத்தால்
ஒரு காப்பி, ஒரு டோனட், அவ்வளவுதான் மேடம்
என்கிறான் ரெஜான் ஆர்செனோ.
ஐந்து ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்
அந்த டோனட்டின் ஓட்டை வழியே
சத்தமில்லாமல் நழுவிவிடும் என்று நம்புகிறான்.

கண்ணாடிக்கு அப்பால் நிற்கிறது வண்டி.
அறுநூற்று ஐம்பது சிசி, ஈரப் பாசியின் பச்சை.
அதற்குக் கையெழுத்துப் போட்டாயிற்று.
யானை வாங்கிய கைக்கு
அங்குசம் கனக்கிறதா என்கிறது
அவன் நீட்டும் பேனா.

என்ன வேலை பார்க்கிறேன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
பதினோரு வருடமாக
மோன்க்டன் ஊர்க்கோடியில், ஜன்னலில்லாத ஒரு மாடியில்
காதில் கருவி மாட்டிக்கொண்டு
இல்லை என்று சொல்கிற வேலை.
இரண்டு மொழியில் சொல்வேன்.
பிரெஞ்சில் சொன்னால் சற்றுப் பொறுத்துத் திட்டுவார்கள்.

போன ஆகஸ்டில் பாதர்ஸ்டிலிருந்து கெல்டார்ட் என்றொருவர்.
ஃப்ரீசர் நின்று, ஒரு முழு மூஸ் மானின் கறி கெட்டுவிட்டது.
அவர் கத்தவில்லை.
நூற்றுப் பத்துக் கிலோ, என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து, நூற்றுப் பத்து.
நான் திரையைப் பார்த்து வாசித்தேன்:
ரப்பர் விளிம்பு தேய்மானத்தில் சேரும்.
தேய்மானம் வாரண்டியில் சேராது.

ஆகவே தாளைப் புரட்டிப்
பின்பக்கத்தைப் படிக்கிறேன்.
ரெஜானின் புன்னகை கொஞ்சம் ஆறுகிறது.
செயின் சேராது. கிளட்ச் தட்டு, பேட்டரி, சீல்கள் சேரா.
ஆயிலை அவர்கள் பட்டறையிலேயே மாற்றி
ரசீதை வைத்திருக்க வேண்டும்.
நானோ என் கொட்டகையில் நானே மாற்றுகிறவள்.
கறுப்பு எண்ணெய் தட்டில் இறங்கும் அந்த அரைமணி நேரம்
என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.
அப்புறம் பனி.
நவம்பரில் போர்த்தினால் ஏப்ரல் கடைசியில்தான் திறப்பேன்.
ஐந்தில் பாதி, வண்டி தூங்கும், வாரண்டி ஓடும்.
மீதியிலும் முதல் ஆண்டு
கம்பெனி சும்மாவே தருவது.

இவ்வளவும் தெரிந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.
கியர்பெட்டி போனால் இரண்டு மாத வாடகை.
வயது ஐம்பத்து மூன்று, சேமிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.
இன்னொன்றும் உண்டு:
பணம் கிடைத்தவர்கள் என்னை அழைப்பதில்லை.
பதினோரு வருடமாக
கிடைக்காதவர்களின் குரல் மட்டுமே கேட்ட காது இது.
இதை நம்பி எப்படி முடிவெடுப்பது?

சுவரில் விற்பனைப் பட்டியல்.
மற்றவர்கள் வரிசையில் நட்சத்திரங்கள்,
ரெஜானுக்கு ஒன்று, அதுவும் ஓரம் பிய்ந்தது.
நகத்தை ரத்தம் வரும்வரை கடித்திருக்கிறான்.
உன் வண்டிக்கு வாங்கினாயா, என்றேன்.
என்னிடம் பஸ் பாஸ்தான் இருக்கிறது மேடம்.
இருவரும் சிரித்தோம்.
அந்தச் சிரிப்பில் ஏறக்குறைய வாங்கியிருப்பேன்.

வேண்டாம் என்றேன்.
வேண்டாம் என்பதற்கும் ஒரு தாள் உண்டு.
எனக்குத் தெரியாததா,
எத்தனை பேருக்கு அதைத் தேடியெடுத்து
தேதியோடு வாசித்திருக்கிறேன்:
நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்கள்.
ஒடெட் கோர்மியே, என்று எழுதினேன்.
யாரோ ஒருத்தி என்றாவது உரக்க வாசிக்கப் போகிறாள் என்று
எழுத்துகளைத் தெளிவாக எழுதினேன்.

பெட்டிகோடியாக் ஆறு
சேற்று நிறத்தில் எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது.
பாலத்தில், மூன்றாம் கியரில்,
முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன டிக் டிக்.
நான்கில் இல்லை.
புது உலோகம் சூடாகிற சத்தமாக இருக்கலாம்.
ஹெல்மெட் வாராக இருக்கலாம்.
வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு
மறுபடி மூன்றுக்கு இறக்கினேன்.