மூன்றாவது தகடு

இரண்டே மைகள்: வெள்ளி, நீலம்.
மத்தி மீன் டப்பாவுக்கு அது போதும்.
மூன்று தகடுகள் வந்து விழுந்தன.

"மூணாவதுக்கு எந்த மையை ஊத்தட்டும்?"
கீழே அச்செந்திரத்தருகே அபீலியு.
மத்துசின்யுஷில் இரவு பதினொன்று,
துறைமுகத்தில் மழை,
விடிந்தால் லாரி.

தகட்டை விளக்கில் சாய்த்தேன்.
வெறும் அலுமினியம்.
ஓரத்தில் மட்டும் மிளகளவு ஒரு புள்ளி:
மீனின் கண்.

கோப்பின் நிறப்பட்டியலில்
நீலம் இருந்தது.
கீழே இன்னொரு நீலம்.
அதே எழுத்து, அதே எண்.
கர்சரைக் கடைசி எழுத்துக்கு அப்பால் தள்ளினேன்.
அங்கே ஓர் இடைவெளி,
எவர் கட்டைவிரலோ தவறிப் பட்டது.

வெறுமையையும் எழுத்தென்றே வாசிக்கும் இயந்திரம்.
அதற்கு அது வேறு கடல்.

அழித்தேன்.
இந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு என்று முறைத்தது.
உண்டுதான், சேர்த்துவிடு என்றேன்.
கண் உடம்புக்குத் திரும்பியது.

நீலத் தகட்டை மறுபடி எடுத்தோம்.
செலவு யார் தலையில் என்பது
நாளைய சண்டை.

கண் மட்டும் இருந்த தகட்டை
அபீலியு சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்;
கோழிக்கூண்டு ஒழுகுகிறதாம்.
இன்று ஏழு கோழிகள் நனையாமல் உறங்கும்,
இமைக்காத ஒரு கண்ணின் கீழ்.