மூலம்

ரூவி கடைத்தெரு. வியாழன் மாலை.
வரிசை வாசலைத் தாண்டி
ஜூஸ் கடைவரை வளைந்திருக்கிறது.

புதுப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது.
அரபியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதை
நான் வாயால் தமிழாக்குவேன்:
"பணத்துக்கு மூலம் என்ன?"

பிச்சைக்கனி அண்ணாச்சி சிரித்தார்.
"மூலம் எங்க வீட்டுக்காரி நட்சத்திரம்லா.
மாமனாருக்கு ஆகாதுன்னு நாலு வரன் தட்டிப்போச்சு.
அப்பா இல்லாதவன், நான் கட்டினேன்."

இரண்டு வருஷமாக அந்த இடத்தில்
சம்பளம் என்றுதான் எழுதுகிறேன்.
எண்பது ரியால், திசையன்விளை கிளை, சொர்ணக்கிளி.

இன்று முந்நூற்றுத் தொண்ணூறு.
நேற்றும் முந்நூற்றுத் தொண்ணூறு. போன ஞாயிறும்.
நானூறைத் தொட்டால் இன்னொரு தாள் கேட்பேன் என்று
யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.
பெறுபவர் பெயர் வாயில் ஒட்டவில்லை,
உள்ளங்கையைப் பார்த்துப் படித்தார்.
சாரக்கம்பி பிடித்த கை. வியர்வையில்
ஒரு எழுத்து கரைந்துபோயிருந்தது.

நோட்டுகள் மொடமொடவென்று.
கேம்ப் காசு அப்படி இருக்காது.
நாலாய் மடிந்து, மசாலா வாசம் ஏறி வரும்.

பயிற்சி வகுப்பில் திரையில் காட்டினார்கள்:
ஒரு படகு, ஒரு மூட்டை, ஓர் அம்புக்குறி,
அதன் முனையில் முகமில்லாத ஒரு வட்டம்.
வட்டத்துக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

சட்டம் எனக்கு இரண்டு வரிதான்.
சந்தேகம் வந்தால் எழுது.
எழுதியதை அவனிடம் சொல்லாதே.

முதல் வரியில் எனக்கு வழக்கில்லை.
ஹம்ரியாவில் பக்கத்து அறைப் பையன்
ஊசியோடு குளியலறையில் கிடந்தபோது
கதவை உடைத்தவன் நான்.
இரண்டாவது வரிதான்
தொண்டையில் மீன்முள்.

"ஏன் தம்பி, லேட்டாகுது?"
"சிஸ்டம் ஸ்லோ, அண்ணாச்சி."

கண்ணாடியின் ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்தார்.
"ஒரு தடவைக்கு அஞ்சு ரியால் தாராங்க.
நல்ல மனுஷன்தான். உனக்கும் வேணும்னா
சொல்லிவைக்கட்டா?"

ரசீதை நீட்டினேன்.
தொகையை மட்டும் பார்த்து
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் முதுகு வாசல் கடக்கும்வரை
விசைப்பலகையில் கை வைக்கவில்லை.
பிறகு வைத்தேன்.
பெயர், அட்டை எண், மூன்று தேதிகள்.
காரணம் என்ற கட்டத்தில்
புதிய நோட்டுகள் என்று அடித்து, அழித்து,
மறுபடி அடித்தேன்.

நிமிர்ந்தால், ஜூஸ் கடை முன்னால் நின்று
உனக்கும் ஒண்ணு சொல்லட்டா என்று
சைகை காட்டுகிறார்.
வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினேன்.
அவர் இரண்டாகச் சொல்லிவிட்டார்.