குடும்பப் பெயர்

கட்டம் சிவந்துகொண்டே இருந்தது.
எங்களிடம் இருப்பது ஓர் எழுத்து, 'செ'.
சென்னியப்பன் என்று அதை விரித்து
தரணிகாவுக்குப் பின்னால் ஒட்டினேன். பச்சை.
அடுத்து, தந்தையின் குடும்பப் பெயர்.
அவருக்கு அவர் அப்பா, மாரண்ணன்.
இரண்டும் பொருந்தவில்லை,
உறவுக்குச் சான்று இணைக்கவும் என்றது டாக்கா பள்ளி.
"என்ற மூக்குத்தான் அவளுக்கு,
அதையே ஸ்கேன் பண்ணி உடு."

ஐந்து முடித்தவள் அங்கே ஏழாம் ஆண்டாம்.
"ஆறு எங்கம்மா போச்சு?"

மங்கலம் ரோட்டில் மூன்று நாளாக
பவர்டேபிள் ஓடாத சத்தம்.

முந்தைய பள்ளியை விட்டு விலகக் காரணம்:
'பனியன் ஆர்டரெல்லாம் அங்கே போய்விட்டது,
பின்னாலேயே நாங்களும்.'
அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அழித்தார்.
'பணி நிமித்தம்.'

கடைசிப் பக்கம், சீருடை அளவு.
படத்தில் சிரிக்கும் பிள்ளையின் கழுத்தை
இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார்.
"காலர் ரிப் பாரு, ரெண்டு தொவைல சுருண்டுக்கும்.
நம்மூர்ல இத
செக்கிங் டேபிளே தாண்ட உட்டிருக்க மாட்டோம்."

இன்றைக்கு முதல்முறையாக முகம் தெளிந்து,
பணம் கட்டும் பொத்தானை
என்னை அமுக்கச் சொன்னார்.