சிவக்கும் முன்

என் இடது உள்ளங்கைத் தழும்பு
சிவந்த இரும்பு தந்ததல்ல.
சிவந்ததை யாரும் தொடுவதில்லை.
கறுத்துக் கிடந்ததைத்தான்
குனிந்து எடுத்தேன்
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்.

கொட்பேத் துறைமுகத்துக்குப் பின்னால்
சபூர்தீனின் பட்டறை.
கணக்கெழுத வந்தவள் நான்.
கரண்ட் போகும் இரவுகளில்
துருத்திச் சக்கரமும் சுற்றுவேன்.

அன்றைக்கும் போயிற்று.
மரியதாசனின் விசிறித் தண்டு
புறாமலைப் பாறையில் அடிபட்டு வளைந்து வந்திருந்தது.
விடியக் கடலுக்குப் போகவேண்டும் என்று
கரிச்சாக்கின் மேலேயே குந்திக்கொண்டார்.

சிரட்டைக் கரி.
வெகுநேரம் தண்டு கறுப்பாகவே இருந்தது.
பிறகு ஏதோ ஒன்று.
சிவப்பென்று சொல்ல முடியாத சாம்பல்.
நேரே பார்த்தால் ஒளிந்துகொள்ளும்,
கடைக்கண்ணுக்கு மட்டும் அகப்படும்.
பிறகு மாதுளை முத்து.
பிறகு, நான் கை மாற்றிச் சுற்றுவதற்குள்,
செவ்விளநீர்.

அடுப்பின் வாய்க்குள்
ஒரு பித்தளை ஆணியும் செப்புக் கம்பியும்
உடைந்த நங்கூரக் கொளுக்கியும் கிடந்தன.
எல்லாம் ஒரே நிறம்.
ஓரங்கள் கரைந்து, எது எதுவென்று
பிரித்தெடுக்க முடியவில்லை.
சூடு பெயர் கேட்பதில்லை.
எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது.
இந்த ஊரில் பெயர் கேட்காதது
அது ஒன்றுதான்.

இரும்புக்குள் எதுவும் சும்மா நிற்பதில்லை.
மின்னேற்றம் சுமந்த பொடிசுகள் அதிரும்.
அதிரும்போதெல்லாம் கொஞ்சம் ஒளியை உதறும்,
நனைந்த நாய் தண்ணீரை உதறுவதுபோல.
மெல்ல அதிர்ந்தால் நீண்ட அலை,
கண் அறியாது, தோல் அறியும்.
சூடு ஏற ஏற அலை குறுகும்.
சிவப்பு முதலில் வாசலுக்கு வரும்.
மஞ்சளும் பச்சையும் நீலமும்
பின்னால் வந்து நெருக்கியடித்தால்
வெள்ளை.
ஆகவே சிவப்பு தொடக்கமில்லை.
நம் கண் விழித்துக்கொண்ட இடம்,
அவ்வளவுதான்.

"போன அமாவாசை" என்றார் மரியதாசன்.
"வள்ளத்தில லைற் பழுது.
நேவி மறிச்சுப்போட்டான்.
எப்பிடிக் கண்டனீங்கள் எண்டு கேட்டன்.
சிரிச்சுக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் காட்டினான்.
கடல் கறுப்பு. பலகை கறுப்பு.
நாங்கள் மூண்டு பேரும் வெள்ளையா எரியிறம்.
என்ர மச்சான் சாய்ஞ்சு கிடந்த இடத்தில
அவன் எழும்பின பிறகும்
அவன்ர முதுகு கிடந்துது."

சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.
சபூர்தீன் ஏசினார். கேட்கவில்லை.
இருட்டில் என் கையைப் பார்த்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
ஆனாலும் அது
உதறிக்கொண்டுதான் இருக்கிறது,
முப்பது வருசமாக, ஒரு கணம் விடாமல்.
கரிச்சாக்கின் மேல் மரியதாசன்.
கதவடியில் பூனை.
ஆறு கட்டை தள்ளி, கன்னியாவில்
ஏழு கிணறும் ஏழு விதமாய்
ஆள் இல்லாத இரவில்
ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

"நித்திரையா புள்ள?"

சுற்றினேன்.
நாலு அடி, ஒரு பார்வை,
மறுபடி மூன்று அடி.
தண்டு நிமிர்ந்தது.
தரையில் கிடத்தியபோது
செவ்விளநீர் வடிந்து மாதுளையாகி
மாதுளையும் உள்ளே போனது.

கரண்ட் வந்தது.
எல்ஈடி பல்பு சட்டென்று எல்லாவற்றையும் வெளுத்தது,
வேகாமல் வந்த வெளிச்சம்.
அதன் கீழே தண்டு
வெறும் தண்டு.

"ஆறீட்டுது" என்று மரியதாசன் குனிந்தார்.

எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன்.
"கறுப்பு எண்டு நம்பாதேங்கோ" என்றேன்.
"அது இன்னும் கதைச்சுக்கொண்டு கிடக்குது."